கேவுரு (கேழ்வரகு) களி தின்றால் சளி பிடிக்காதா?

கேள்வி: குடியாத்தத்தில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் ஐந்து பேர். கணவருக்கு வயது 48, ஆறு வருஷமாகச் சர்க்கரை. மாமியாருக்கு 72, தைராய்டு மாத்திரை போடுகிறார். மகளுக்கு 13, மகனுக்கு 8. மகனுக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது, எடையும் குறைவு. முழுதானியம் சாப்பிட்டால் நோய் எதிர்ப்பு சக்தி கூடும் என்று பல இடத்தில் பார்த்துவிட்டு, ஒரே நாளில் அரிசியை நிறுத்தினேன். மூன்று வேளையும் கேழ்வரகு, கம்பு, சாமை, கூடவே கோதுமைத் தவிடு. பத்து நாளில் எல்லோருக்கும் வயிறு உப்பிவிட்டது. மாமியாருக்கு மலம் இறுகிவிட்டது. கணவருக்குச் சர்க்கரை இறங்கவில்லை. மகன் தட்டைத் தள்ளிவிடுகிறான். அரைத்து வைத்த கம்பு மாவு கசக்கிறது. உண்மையிலேயே எதிர்ப்பு சக்தி கூடுமா? நான் எங்கே தப்பு செய்தேன்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தானியத்தைத் தேர்ந்தெடுத்ததில் தப்பே இல்லை. ஒரே நாளில் மாற்றியதும், ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி கொடுத்ததும்தான் தப்பு. அந்தத் தவிட்டை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள். மற்றதை எல்லாம் சரிசெய்துகொள்ளலாம்.

எதிர்ப்பு சக்தி கூடுமா என்ற கேள்விக்குப் பதில்: கொஞ்சம் கூடும், மெதுவாகக் கூடும், நேரடியாகக் கூடாது. கேழ்வரகில் இருந்து எதுவும் ரத்தத்தில் ஏறிப் போய்க் கிருமியோடு சண்டை போடுவதில்லை. வேலை நடக்கும் இடம் பெருங்குடல்.

ஒரு கேழ்வரகு மணியை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். வெளியே செம்பழுப்பாக இருப்பது தவிட்டுத் தோல். உள்ளே வெள்ளையாக இருப்பது மாவு. ஓரத்தில் ஒரு புள்ளியாக இருப்பது முளை. நார்ச்சத்தும் கால்சியமும் அந்தத் தோலில் நிறைய இருக்கின்றன. தோலும் முளையும் மாவும் மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அது முழுதானியம். அரிசியை மில்லில் தீட்டி வெள்ளையாக்கும்போது முதல் இரண்டும் போய்விடுகின்றன. 100 கிராம் வெள்ளைப் பச்சரிசியில் மூன்று கிராமுக்கும் குறைவாகத்தான் நார்ச்சத்து இருக்கிறது. அதே எடை கேழ்வரகிலும் கம்பிலும் சுமார் 11 கிராம், சோளத்தில் 10, சாமையில் எட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

இந்த நாரை நம் சிறுகுடலால் செரிக்க முடியாது. பெருங்குடலுக்குப் போகும்போது அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைக்கின்றன. உங்கள் அடுப்படியில் இட்லி மாவு பொங்குவது போலத்தான். அதில் அசிட்டேட், புரொப்பியோனேட், பியூட்டிரேட் என்று மூன்று சிறு கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. இதில் பியூட்டிரேட்தான் நமக்கு முக்கியம். பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்கு அதுதான் முதன்மையான எரிபொருள். அது கிடைத்தால் செல்களுக்கு நடுவே உள்ள இணைப்புகள் இறுக்கமாக இருக்கும், கிருமியும் அதன் நச்சும் எளிதில் உள்ளே கசியாது. அந்தச் சுவரை ஒட்டித்தான் உடம்பின் எதிர்ப்பு செல்களில் பெரும் பங்கு குடியிருக்கிறது. தேவையில்லாமல் கொதிக்கும் எதிர்ப்பு செல்களை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் செல்களையும் பியூட்டிரேட் ஊக்குவிக்கிறது. எதிர்ப்பு சக்தி என்பது எப்போதும் ஏறிக்கொண்டே இருக்க வேண்டிய ஒன்றல்ல. வேண்டிய நேரத்தில் எழுந்து, வேலை முடிந்ததும் அடங்க வேண்டும்.

இந்த அமிலங்களின் வேலையை நம் வேலூரிலேயே பார்த்திருக்கிறார்கள். சி.எம்.சி. மருத்துவமனையில் காலரா வந்த 48 பேரில் மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு, வழக்கமான உப்பு சர்க்கரைக் கரைசலோடு சிறுகுடலில் செரிக்காத ஒரு வகை மக்காச்சோள மாவைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. வழக்கமான கரைசல் மட்டும் குடித்தவர்களைவிட இவர்களுக்குப் பேதி சீக்கிரம் நின்றது, உடம்பில் இருந்து போன நீரும் குறைந்தது. செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியா அதை அமிலமாக்கி, அந்த அமிலம் உப்பையும் நீரையும் உள்ளே இழுக்க உதவியது. செரிக்காமல் போவதெல்லாம் வீண் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

முழுதானியத்தையும் எதிர்ப்பு சக்தியையும் நேராகச் சேர்த்துப் பார்த்த ஆய்வு அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்து 2017இல் வெளியானது. 81 பேர். ஆறு வாரம் சாப்பாட்டை ஆய்வாளர்களே கொடுத்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு முழுதானியம், மறுபாதிக்குத் தீட்டிய தானியம். எடை கூடவும் விடவில்லை, குறையவும் விடவில்லை. முழுதானியம் சாப்பிட்டவர்களுக்கு நல்ல அமிலம் தயாரிக்கும் பாக்டீரியா கூடியது, அழற்சியைத் தூண்டும் ஒரு வகைக் கிருமி குறைந்தது, நினைவு டி செல்கள் எனப்படும் எதிர்ப்பு செல்களில் ஒரு வகை கொஞ்சம் கூடியது. மற்றப் பல அளவீடுகளில் மாற்றமே இல்லை. அதனால் "முழுதானியம் தின்றால் சளியே வராது" என்று யாராவது சொன்னால், ஆய்வு சொல்லாததை அவர் சொல்கிறார்.

இன்னொரு ஆய்வையும் பக்கத்தில் வைக்க வேண்டும். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீடுகளில் நடந்தது, 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வீட்டில் இருந்த மற்றவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது, தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. சிறுதானியம் எதுவும் கொடுக்கவில்லை, சாதாரண அரிசியும் பருப்பும்தான். உடம்புக்கு வேண்டிய கலோரியும் புரதமும் இல்லாதபோது, எந்தத் தானியம் என்பது இரண்டாவது கேள்வி. உங்கள் மகனுக்கு எடை குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். பிடிக்காத களியை முன்னே வைத்து, அவன் அரை வயிறோடு எழுந்து போனால், எதிர்ப்பு சக்தி குறையும். அவனுக்கு முதலில் வயிறு நிறைய வேண்டும்.

எவ்வளவு என்பதற்கு வருகிறேன். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்குத் தானியம் 250 கிராம் என்கிறது. வேகவைப்பதற்கு முந்தைய எடை அது. முழுவதும் வெள்ளை அரிசி என்றால் நார்ச்சத்து 7 கிராம்தான். பாதியை, அதாவது 125 கிராமைக் கேழ்வரகாகவோ கம்பாகவோ மாற்றினால் 17 கிராமுக்கு மேல் வந்துவிடும். பருப்பும் கீரையும் காயும் சேர்ந்தால் நாள் தேவையான 30 கிராமைத் தொடலாம். அரிசியை முழுதாக நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. பாதி போதும். மிச்சப் பாதிக்கும் புழுங்கலரிசியாக வாங்குங்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி உள்ளே இறங்கிவிடுவதால், தீட்டிய பிறகும் கொஞ்சம் மிஞ்சும்.

அந்தப் பாதிக்கு ஆறு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியாக்களுக்குத் திடீரென்று மூன்று மடங்கு நார் போனால் அவை புளிக்கவைக்கும் வேகத்தில் வாயு கிளம்பும். உங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் நடந்தது அதுதான், நோய் அல்ல. முதல் இரண்டு வாரம் ஆளுக்கு 40 கிராம், ஒரே வேளை, அதுவும் காலை அல்லது மதியம். வயிறு அமைதியாக இருந்தால் அடுத்த இரண்டு வாரம் 80 கிராம். அதன் பிறகு 125. எந்தக் கட்டத்தில் உப்புசம் வந்தாலும் ஒரு படி கீழே இறங்கி ஒரு வாரம் நில்லுங்கள். தண்ணீர் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், நம் ஊர் சித்திரை வெயிலில் அதற்கும் மேல். இதய நோய், சிறுநீரக நோய் இருப்பவர்கள் மட்டும் தண்ணீர் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

மாமியாருக்கு மலம் இறுகியது தவிட்டால். காய்ந்த தவிடு குடலில் உள்ள நீரை உறிஞ்சிக்கொள்ளும். வயதானவர்கள் தாகம் தெரியாமல் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள், இரண்டும் சேர்ந்தால் கல் போல இறுகிவிடும். அவருக்குக் களியைவிடக் கூழ் நல்லது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, ஒரு மணி நேரம் கழித்த பிறகே கூழ் கொடுங்கள். நாரும் கேழ்வரகின் கால்சியமும் மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். கம்பில் தைராய்டு வேலையைக் கொஞ்சம் தடுக்கும் பொருள்கள் உண்டு. அவருக்குக் கம்பு வாரம் ஒரு நாளோடு நிற்கட்டும். அயோடின் கலந்த உப்பையே பயன்படுத்துங்கள்.

கணவருக்குச் சர்க்கரை இறங்காததில் ஆச்சரியமில்லை. 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் என்றால் கேழ்வரகில் 67. வித்தியாசம் அவ்வளவுதான். அதோடு, நைசாக அரைத்த மாவைக் கொழகொழவென்று வேகவைத்துக் கஞ்சியாகக் குடித்தால் வேகமாகவே செரித்துச் சர்க்கரையாகிவிடும். "கேவுரு தானே" என்று இரண்டு உருண்டை கூடுதலாகப் போட்டால் அரிசியே மேல் என்றாகிவிடும். அவருக்கு ஒரு வேளைக்கு 60 கிராம் தானியம், அதற்குச் சம அளவுக்கு மேல் காய், ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு அல்லது முட்டை அல்லது மீன். மாவைவிட, முழு மணியாக வேகும் சாமைச் சோறு அவருக்கு ஏற்றது. ஜவ்வாது மலையில் விளையும் சாமை நம் பக்கத்துச் சந்தைகளுக்கு வருகிறது. பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் தீட்டியது. கொஞ்சம் சாம்பல் கலந்த பழுப்பாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டரைத் தண்ணீர் வைத்தால் குழையாமல் வேகும். சாப்பிட ஆரம்பித்ததில் இருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு நாள் அரிசிக்கும் ஒரு நாள் சாமைக்கும் ரத்தச் சர்க்கரை பாருங்கள். யார் சொல்வதையும்விட அந்த இரண்டு எண்கள் நம்பகமானவை. எதிர்ப்பு சக்தி பற்றிக் கவலைப்படும் வீட்டில் முதலில் கட்டுப்பட வேண்டியதும் அவருடைய சர்க்கரைதான். சர்க்கரை ஏறியே இருந்தால் வெள்ளை அணுக்கள் கிருமியைப் பிடிப்பதில் மந்தமாகிவிடும். சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் புண் ஆறாமல் இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மகனுக்கு முளைகட்டிய கேழ்வரகு மாவு செய்யுங்கள். கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி, 10 மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, கொதிநீரில் அலசிய பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிடுங்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் தண்ணீர் தெளியுங்கள். நம் வெயிலுக்கு 24 மணி நேரத்தில் எள் முனை போல வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அங்கேயே நிறுத்துங்கள். நீள முளை வேண்டும் என்று இன்னொரு நாள் விட்டால் புளிப்பு வாடையும் பூஞ்சையும் வந்துவிடும். நிழலில் உலர்த்தி, முளை சருகாகும் வரை லேசாக வறுத்து, மிஷினில் அரையுங்கள். முளைக்கும்போது மணிக்குள் மாவை உடைக்கும் நொதி சுரக்கிறது. அதனால் அந்த மாவில் காய்ச்சும் கஞ்சி கெட்டியாகாமல் இளகி நிற்கும். அதே கிண்ணத்தில் அதிக மாவு போடலாம், சின்ன வயிற்றுக்குள் அதிகக் கலோரி போகும். பால், வெல்லம், ஒரு கரண்டி வறுத்த வேர்க்கடலைப் பொடி சேர்த்துக் கொடுங்கள். எடை ஏறாத பிள்ளைக்கு இது அருமையான உணவு. இதே மாவு உங்கள் கணவருக்கு வேண்டாம், உடைந்த மாவுச்சத்து சர்க்கரையை வேகமாக ஏற்றும். ஒரே வீட்டில் இரண்டு டப்பாவாக, பெயர் எழுதி வையுங்கள்.

பள்ளிக்குப் போகும் சிறு பிள்ளைகளுக்கு வருஷத்தில் ஆறேழு முறை சளி பிடிப்பது இயல்பு. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை இறங்குவது, நெஞ்சுச்சளி நிமோனியாவாகி மருத்துவமனையில் சேர்ப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தானியத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டி, காசநோய்ப் பரிசோதனையும் கேளுங்கள். தடுப்பூசி அட்டையில் விடுபட்டது ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மகளுக்கு 13 வயது, இரும்புச்சத்து குறையும் வயது. 100 கிராம் கம்பில் இரும்பு 6 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, ஆனால் தவிட்டில் உள்ள ஃபைட்டேட் அதையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டுமே எதிர்ப்பு செல்களுக்கு வேண்டியவை. ஊறவைப்பதும் முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் அந்தப் பிடியைத் தளர்த்தும். கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு டீ மட்டும் வேண்டாம், ஒரு மணி நேரமாவது போகட்டும்.

நம் பாட்டிகள் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது செய்ததில் இந்த நுட்பம் எல்லாம் இருக்கிறது. முதல் நாள் சாயங்காலம் கேவுரு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் நொய் வேகும் உலையில் ஊற்றிக் காய்ச்சி, ஆறவைத்து, அடுத்த நாள் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைப்பது. புளிப்பில் ஃபைட்டேட் குறைகிறது. ஆறிய மாவில் ஒரு பகுதி செரிக்காத மாவுச்சத்தாக மாறிப் பெருங்குடலுக்குப் போகிறது. கோடையில் கரைத்த மாவு எட்டு மணி நேரத்தில் புளித்துவிடும், அதற்கு மேல் வெளியே வைக்காதீர்கள். காய்ச்சிய கூழ் நூல் பிடித்தாலோ அழுகல் வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

களிக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன், பலர் இதில்தான் சத்தை இழக்கிறார்கள். மாவு நைசாக வர வேண்டும் என்று மெல்லிய துணியில் சலித்து, மேலே நிற்கும் செந்நிறத் திப்பியைக் கோழிக்குப் போட்டுவிடுகிறார்கள். முழுதானியத்தை வாங்கி, முழுசான பகுதியைக் கோழிக்குக் கொடுத்த மாதிரி. கண் பெரிய சல்லடையில் ஒரு தரம் சலித்தால் போதும். நான்கு பேருக்கு நொய் 75 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டர், மாவு 300 கிராம். நொய் குழைந்ததும் ஒரு சொம்பு கஞ்சித் தண்ணீரைத் தனியே எடுத்துவைத்து, மாவை நடுவில் குவித்துக் கொட்டி, கட்டையால் ஒரு குழி போட்டு, தீயைத் தணித்து மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். கிளறாமல் ஆவியில் வெந்தால்தான் பச்சை வாடை போகும். பிறகு எடுத்துவைத்த தண்ணீரை விட்டு விட்டுக் கிளறுங்கள். ஈரக்கையில் ஒட்டாமல் பளபளத்தால் பதம். பக்கத்தில் முருங்கைக்கீரைக் கடைசலோ, இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்போ, கருவாட்டுக் குழம்போ இருந்தால் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள்.

கடையில் விற்கும் பழுப்பு ரொட்டி, பல தானிய பிஸ்கட் வாங்கும் முன் பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். எடை அதிகமான பொருளைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். முதல் பெயர் மைதா என்று இருந்தால் நிறம் என்னவாக இருந்தாலும் அது மைதா ரொட்டிதான்.

கடைசியாக, கசந்த கம்பு மாவு. கம்பின் முளையில் எண்ணெய் அதிகம். அரைத்ததும் அந்த எண்ணெய் மாவு முழுக்கப் பரவி, நொதியும் காற்றும் பட்டு உடைந்து கசக்கிறது. அந்த மாவில் வெல்லம் போட்டாலும் கசப்பு போகாது, எடுத்துவிடுங்கள். இனிக் கம்பை முழு மணியாக வைத்துக்கொண்டு, வாசனை வரும் வரை வறுத்து, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்தத் தானியமாவது ஈரம் பட்டுப் பூஞ்சை வாடை அடித்தால், கழுவிக் காயவைத்துச் சமைக்க வேண்டாம். பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நச்சு சமையல் சூட்டில் முழுதாகப் போகாது. அது கல்லீரலையும் கெடுக்கும், எதிர்ப்பு சக்தியையும் கெடுக்கும். ஆட்டுக்கும் கோழிக்கும் கூடப் போடாமல் குழியில் புதைத்துவிடுங்கள்.